பூங்காவும் விளையாட்டுத் திடலும் யார் பொறுப்பு? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊஞ்சல் சங்கிலி அறுந்து கிடக்கிறது. திடலில் தண்ணீர் தேங்குகிறது. பூங்கா விளக்கு எரியவில்லை. இவை பற்றிய மனுக்கள் பல, நியாயம் இல்லாததால் அல்ல, சம்பந்தமில்லாத அலுவலகத்துக்குப் போவதால்தான் தேங்கிப்போகின்றன. இடம் யாருடையது, அதைக் கவனிக்க வேண்டியவர் யார், அவரிடம் எந்தத் தாளோடு போவது என்பதையே இந்தப் பக்கம் சொல்கிறது.

நாகர்கோவிலில் பூங்கா, விளையாட்டுக்கென்று தனி ஆணையம் உண்டா?

இல்லை. அந்தப் பொறுப்பு முழுவதும் மாநகராட்சி மன்றத்துடையது. அரசியலமைப்பின் 74-வது திருத்தம் கொண்டுவந்த 12-வது அட்டவணையில் பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகியவை நகர உள்ளாட்சியின் கடமைகளில் ஒன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. இப்போது நடைமுறையில் இருப்பது 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதற்கான 2023 விதிகளும்.

2019-இல் மாநகராட்சியான நாகர்கோவிலுக்கு 52 வார்டுகள், 4 மண்டலங்கள். மன்றம் தீர்மானம் போடும், ஆணையர் நிறைவேற்றுவார், பொறியியல் பிரிவு மதிப்பீடு போட்டு வேலையைப் பார்க்கும். மாநகராட்சிகளில் பூங்காவும் விளையாட்டும் கல்வியோடு சேர்ந்த நிலைக்குழுவில் வரும். அந்தக் குழு பரிந்துரைக்கலாம். பணம் ஒதுக்குவது மன்றம்தான். குழித்துறை, பத்மநாபபுரம், குளச்சல், கொல்லங்கோடு நகராட்சிகளிலும் இதே அமைப்புத்தான், அளவில் சிறியது. பேரூராட்சியில் செயல் அலுவலரைப் பார்க்க வேண்டும்.

கிராம ஊராட்சியில் தலைவரும் ஊராட்சிச் செயலரும் பொறுப்பு. மேலே வட்டார வளர்ச்சி அலுவலர். 2019 இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. தலைவர் இல்லாத காலத்தில் மனுவைத் தனி அலுவலர் பெயருக்கே எழுதுங்கள். பழைய தலைவரிடம் கொடுத்த தாள் அலுவலகப் பதிவேட்டில் ஏறாது.

அண்ணா விளையாட்டரங்கம் மாநகராட்சிக்குச் சொந்தமா?

நகரின் நடுவில் இருந்தாலும் அறிஞர் அண்ணா விளையாட்டரங்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துடையது. ஓடுதளம், பயிற்சி நேரம், உறுப்பினர் கட்டணம், பயிற்சியாளர் பற்றிய எல்லாவற்றுக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலரைத்தான் பார்க்க வேண்டும். வார்டு உறுப்பினரிடம் சொல்லிப் பயனில்லை.

இதுபோல் மாவட்டம் முழுக்கக் கைகள் பல. வேப்பமூடு பூங்கா மாநகராட்சியுடையது. நாகராஜா கோவில் திடல் கோவில் நிர்வாகத்தைச் சேர்ந்தது. திற்பரப்பு அருவியில் நுழைவுக் கட்டணமும் சிறுவர் நீச்சல் குளமும் பேரூராட்சியின் கையில். பேச்சிப்பாறை, சிற்றாறு அணைப் பகுதிகள் நீர்வளத் துறையிடம். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைப் பல்லுயிர்ப் பூங்கா வனத்துறையிடம். வட்டக்கோட்டையை இந்தியத் தொல்லியல் துறை கவனிக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனையோ தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. கடற்கரைகளில் இன்னும் சிக்கல்: மணல் ஒரு துறை, வாகன நிறுத்தம் உள்ளாட்சி, சிறுவர் பூங்கா சுற்றுலாத் துறை நிதி என்று ஒரே இடத்தில் மூன்று கைகள் இருக்கும். அங்கே மனுவை மாவட்ட ஆட்சியருக்கு எழுதி, மற்ற அலுவலகங்களுக்கு நகல் போடுவதே நல்லது.

எங்கள் ஊர்த் திடல் யார் பெயரில் இருக்கிறது என்று உறுதியாக அறிவது எப்படி?

சர்வே எண்ணிலிருந்து தொடங்குங்கள். எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம். எண் கிடைத்ததும் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் அ-பதிவேடு நகலையும் புலப்பட (நிலத்தின் எல்லையளவு வரைபடம்) நகலையும் எடுங்கள். அ-பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாடு இருக்கும். அரசுப் புறம்போக்கு என்றால் வருவாய்த் துறையின் அனுமதியோ நில மாற்றமோ இல்லாமல் உள்ளாட்சி அங்கே செலவு செய்தால் தணிக்கையில் மாட்டும். குளம், கால்வாய் புறம்போக்கு என்றால் கட்டுமானத்தை மறந்துவிடுங்கள். குமரியில் குளங்கள் மிகுதி; தூர்ந்துபோன குளம் திடல்போலத் தெரியும், பதிவேட்டில் அது குளம்தான். அங்கே சுவர் கட்டினால் நீதிமன்றம் இடிக்கச் சொல்லும், போட்ட பணமும் போகும்.

மன்றம் ‘மேற்பார்வை செய்கிறது’ என்றால் நடைமுறையில் என்ன?

ஒரு பூங்காவின் வாழ்க்கையை ஐந்து தாள்களில் படித்துவிடலாம்: மன்றத் தீர்மானம், பொறியாளரின் மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி, அளவுப் புத்தகம், பராமரிப்புப் பதிவேடு. ஒப்பந்தப்புள்ளி 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத் தன்மைச் சட்டப்படி கோரப்பட வேண்டும். செய்த வேலை அளவுப் புத்தகத்தில் ஏறிய பிறகே ஒப்பந்ததாரருக்குப் பணம். 30 செ.மீ. மணல் என்று மதிப்பீட்டில் இருந்து, அளவுப் புத்தகத்திலும் 30 செ.மீ. என்று எழுதி, திடலில் 8 செ.மீ. மட்டும் இருந்தால் எங்கே தவறு நடந்தது என்பது அந்தப் பக்கத்திலேயே தெரியும்.

ஐந்தாவது தாள்தான் பெரும்பாலும் இருப்பதில்லை. கட்டுவதற்கு அரசுத் திட்டம் பணம் தரும், திறப்பு விழாவும் நடக்கும். அடுத்த ஆண்டு புல் வெட்டவும் போல்ட் முடுக்கவும் காவலருக்குச் சம்பளம் கொடுக்கவும் எந்தக் கணக்குத் தலைப்பிலும் ஒதுக்கீடு இருக்காது. ஊராட்சிகளில் 2016-இல் அறிவிக்கப்பட்ட அம்மா பூங்கா திட்டத்தில் பூங்காவுக்கு 20 லட்சம், உடற்பயிற்சிக் கூடத்துக்கு 10 லட்சம் என்று கணக்கிட்டுக் கட்டினார்கள். அப்படி ஒரே தவணையில் வரும் பணத்தில் எழும்பும் எந்தப் பூங்காவும் பராமரிப்புப் பணம் இல்லாவிட்டால் சில மழைக்காலங்களைத் தாண்டுவது கடினம். ஆகவே புதிய பூங்கா கேட்கும் மனுவிலேயே ‘ஆண்டுப் பராமரிப்புக்குத் தனி ஒதுக்கீடும் தீர்மானத்தில் சேர்க்க வேண்டும்’ என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி இல்லாத தீர்மானத்தைக் கொண்டாடாதீர்கள்.

இன்னொன்று: வேலை முடிந்தபின் ஒப்பந்ததாரரின் பிணைத்தொகை குறிப்பிட்ட காலம் உள்ளாட்சியிடம் இருக்கும். அந்தக் காலத்துக்குள் வரும் பழுதை அவர் செலவில் சரிசெய்ய வேண்டும். காலம் எப்போது முடிகிறது என்று உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே பழுதுப் பட்டியலைப் படங்களோடு கொடுத்துவிட வேண்டும். தொகையைத் திருப்பிக் கொடுத்தபின் அதே பழுது மக்கள் வரிப்பணத்தில் போகும்.

மக்கள் நேரடியாகப் பேசும் இடம் எது?

நகரத்தில் பகுதி சபை, வார்டு குழு. 2022-இல் இதற்கான விதிகள் வந்தன. வார்டு குழுவுக்கு வார்டு உறுப்பினரே தலைவர். கிராமத்தில் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சியில் 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லத் தேவையான குறைவெண் நிறைவடையும். குமரியின் ஊராட்சிகள் மக்கள் நெருக்கமானவை. ஆகவே விளையாட்டு மன்றத்துப் பிள்ளைகள், மகளிர் குழுவினர், அன்பியத்தினர் (கத்தோலிக்கப் பங்கின் அக்கம்பக்கக் குழுவினர்) எல்லாரையும் முன்கூட்டியே சொல்லி வரவழைக்க வேண்டும்.

பேசிவிட்டு வருவதோடு நிறுத்தாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் வாசகம் எப்படி எழுதப்படுகிறது என்று பாருங்கள். ‘திடலைச் சீரமைக்கக் கோரப்பட்டது’ என்பதால் யாருக்கும் கடமை வராது. ‘சர்வே எண் இன்னதில் உள்ள திடலில் வடிகால், வலை, இரண்டு விளக்கு அமைக்க மதிப்பீடு தயாரிக்கத் தீர்மானிக்கப்பட்டது’ என்று இருக்க வேண்டும்.

மனைப்பிரிவில் ‘பூங்கா’ என்று காட்டிய இடத்தை விற்கப் பார்க்கிறார்கள். என்ன செய்வது?

2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குக் கொடுத்தே ஆக வேண்டும். பதிலுக்குப் பணம் கட்ட வழியில்லை. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை மட்டும் இடத்துக்குப் பதில் மதிப்புத் தொகை கட்டலாம்.

கோளாறு நடப்பது தானப்பத்திரத்துக்குப் பிறகு. பத்திரம் பதிவாகியிருக்கும், ஆனால் பட்டா மனைப்பிரிவு உரிமையாளர் பெயரிலேயே நிற்கும். சில ஆண்டு கழித்து அந்தப் பட்டாவைக் காட்டி விற்பனை நடக்கும். முதலில் நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் அங்கீகரிக்கப்பட்ட வரைபட நகலை வாங்குங்கள். பிறகு அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுத் தானப்பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் இணைத்து, பட்டாவை உள்ளாட்சி பெயருக்கு மாற்றவும் வேலி போட்டுப் பலகை வைக்கவும் ஆணையருக்கோ செயல் அலுவலருக்கோ மனு கொடுங்கள். நகல் வட்டாட்சியருக்கும் சார்பதிவாளருக்கும். தானப்பத்திரமே இல்லாவிட்டாலும் சோர்ந்துவிடாதீர்கள். அங்கீகார வரைபடத்தில் பூங்கா என்று காட்டியதை மனையாக்க முடியாது என்று உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. பூங்காவையும் திடலையும் பட்டியலிட்டுக் காப்பதற்கென்றே 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் சட்டமும் இருக்கிறது.

சிறுவர் விளையாட்டுக் கருவிகளில் எதைச் சோதிக்க வேண்டும்?

விழும் தரையை முதலில் பாருங்கள். பலத்த காயம் பெரும்பாலும் விழும் தரையால்தான். சறுக்குமரத்தின் அடியிலும் ஊஞ்சலைச் சுற்றியும் சிமெண்ட் தளம், டைல்ஸ், இறுகிய செம்மண் எதுவும் கூடாது. கழுவிய, களிமண் இல்லாத, உருண்டைப் பருக்கையுள்ள மணல் 30 செ.மீ. ஆழம் வேண்டும், பிள்ளைகள் காலால் தள்ளிவிடுவதற்கும் சேர்த்த கணக்கு இது. எம்-சாண்ட் ஆகாது. அதன் பருக்கை கூர்மையானது, மழையில் இறுகிக் கல்லாகும். கடல் மணலும் வேண்டாம். உப்பு போல்ட்டை அரிக்கும். கடற்கரை மணல் அள்ளுவதற்குத் தடையும் உண்டு. மணவாளக்குறிச்சி போன்ற மேற்குக் கரைப் பகுதி மணலில் மோனசைட் என்ற கதிரியக்கக் கனிமம் கலந்திருப்பதால் அதைப் பிள்ளைகள் புரளும் இடத்தில் கொட்டுவது சரியல்ல. மணலுக்கு அடியில் 10 செ.மீ. ஜல்லி வடிகால் அடுக்கு, மேலே துணி விரிப்பு, அதன்மேல் மணல். மாதம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். கண்ணாடித் துண்டும் ஆணியும் அப்போதுதான் கையில் கிடைக்கும்.

அடுத்தது இடைவெளி. கம்பிகளுக்கு இடையே 9 செ.மீ. முதல் 23 செ.மீ. வரையிலான சந்து ஆபத்து: உடல் நுழையும், தலை சிக்கும். ஊஞ்சல் பலகைக்கும் தரைக்கும் 35 முதல் 40 செ.மீ. விடவும். ஊஞ்சல் தொங்கும் உயரம் 2 மீட்டர் என்றால் முன்னும் பின்னும் நாலு நாலு மீட்டர் காலியிடம் வேண்டும். நம் பூங்காக்களில் ஊஞ்சலுக்கு எதிரே நடைபாதை போட்டுவிடுகிறார்கள், அதைத் திருத்தச் சொல்லுங்கள். மற்றக் கருவிகளைச் சுற்றி 1.8 மீட்டர் போதும். சங்கிலிக் கண்ணியின் கனத்தில் கால்வாசி தேய்ந்ததும் மாற்றிவிடுங்கள், அறுபடும் வரை காத்திருக்க வேண்டாம்.

கடற்கரை ஊர்களில் கருவிகள் இரண்டே ஆண்டில் துருப்பிடிக்கின்றன. ஏன்?

உப்புக் காற்று. வண்ணம் மட்டும் அடித்த இரும்பு அங்கே நிற்காது. மதிப்பீட்டில் ‘சூடான துத்தநாகத்தில் தோய்த்த குழாய்’ என்று இருக்க வேண்டும். போல்ட், நட்டுக்கு 316 வகைத் துருவேறா எஃகு. மலிவான 304 வகையிலும் கடலோரத்தில் பழுப்புக் கறை ஏறும். தோய்த்த குழாயை இடத்தில் கொண்டுவந்து வெல்டிங் செய்தால் வெல்டிங் வாயில்தான் முதலில் துரு பிடிக்கும். அந்த இடத்தைத் தேய்த்து, துத்தநாகம் மிகுந்த பூச்சு இரண்டு கை அடிக்க வேண்டும். குழாயின் அடிப்பகுதி மண்ணோடு சேரும் இடத்தில் கான்கிரீட்டை 5 செ.மீ. உயர்த்திச் சரிவாக முடித்தால் தண்ணீர் நிற்காது. திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகளில் பேரிங் தான் முதலில் போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ் வையுங்கள்.

திடலில் தண்ணீர் தேங்குகிறது. எந்த மாதத்தில் வேலை செய்யச் சொல்வது?

நமக்கு மழை இரண்டு முறை: ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. இடையில் கிடைப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. மண் வேலை, வண்ணம், புல் நடுதல் எல்லாம் அந்த மூன்று மாதத்துக்குள் முடிய வேண்டும் என்றால் ஒப்பந்தப்புள்ளி நவம்பரிலேயே முடிந்திருக்க வேண்டும். நிதியாண்டு முடிகிறதே என்று மார்ச் கடைசியில் அவசரமாகக் கொட்டிய செம்மண், ஜூனில் ஓடைக்குப் போய்விடுகிறது.

சரிவு 100 மீட்டருக்கு 1 மீட்டர் போதும்; நடுவிலிருந்து இரு பக்கமும் வடிய வேண்டும். மண்ணை 15 செ.மீ. அடுக்காகப் போட்டு, நனைத்து, உருளை ஓட்டி, பிறகு அடுத்த அடுக்கு. ஒரேயடியாக 40 செ.மீ. கொட்டினால் மேலே மட்டும் இறுகி, உள்ளே பள்ளம் விழும். ஈரமான திடலில் லாரியோ ஜேசிபியோ ஏற விடாதீர்கள்.

எங்களிடம் 20 சென்ட் இருக்கிறது. என்ன ஆடுகளம் போடலாம்?

20 சென்ட் என்பது சுமார் 809 சதுர மீட்டர். கைப்பந்து ஆடுகளம் 18-க்கு 9 மீட்டர். சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 360 சதுர மீட்டர், ஏறக்குறைய 9 சென்ட். ஆண்கள் கபடி 13-க்கு 10. சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் ஏழரை சென்ட். ஆக இரண்டும் பக்கம் பக்கமாக அடங்கும், மனையின் வடிவம் ஒத்துவந்தால். இறகுப்பந்தாட்டம் 13.4-க்கு 6.1, சுற்றிலும் 2 மீட்டர் விட்டால் அது நாலரை சென்டில் முடிந்துவிடும், ஆனால் கடற்காற்றில் வெளியில் ஆடுவது வீண். தூத்தூர்ப் பக்கம் போலக் கால்பந்து உயிராக இருக்கும் ஊர்களில் 40-க்கு 20 மீட்டர் சிறு திடல் போடலாம்; அது 20 சென்ட் முழுவதையும் எடுத்துக்கொள்ளும், எல்லைக்கோட்டுக்கு வெளியே இடமிருக்காது, வலை கட்டியே ஆக வேண்டும். முழுக் கால்பந்துத் திடல் 100-க்கு 64 என்றாலே ஒன்றரை ஏக்கருக்கு மேல்.

எந்தக் களமானாலும் நீளவாக்கு வடக்கு தெற்காக இருக்கட்டும். கிழக்கு மேற்காகப் போட்டால் மாலை ஆட்டத்தில் ஒரு அணிக்கு முழு நேரமும் வெயில் கண்ணில் அடிக்கும்.

ஓணம், கிறிஸ்துமஸ், பொங்கல் போட்டிக்குத் திடலை எப்படிக் கேட்பது?

உள்ளாட்சியிடம் எழுத்து அனுமதி, காவல் நிலையத்தில் ஒலிபெருக்கி அனுமதி, இரண்டும் தனித்தனி. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. விழாவுக்கு மூன்று வாரம் முன்பே மனு கொடுங்கள், வாடகையும் முன்வைப்பும் கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

திரும்பக் கொடுக்கும்போது முன்வைப்பு பிடிபடுவது பெரும்பாலும் குழிகளால். பந்தல் கால், வழுக்குமரம், உறியடிக் கம்பம் நட்ட குழிகளை மேலாக மண் தள்ளி மூடிவிட்டுப் போவார்கள். அடுத்த வாரம் ஓடிவரும் பையன் கணுக்கால் முறியும். 15 செ.மீ. அடுக்காகச் செம்மண் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து மூடுங்கள். விழாவுக்கு முன்னும் பின்னும் திடலைப் படம் எடுத்துவையுங்கள்.

பள்ளி, ஆலயத் திடல்களை ஊர்ப் பிள்ளைகள் பயன்படுத்தலாமா?

உரிமையாகக் கேட்க முடியாது, ஒப்பந்தமாகக் கேட்கலாம். அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும்; கிறிஸ்தவ ஆலயத் திடல் என்றால் பங்குப்பேரவை; கோவில் திடல் என்றால் நிர்வாக அலுவலர். நேரம், சாவிப் பொறுப்பு, விளக்குச் செலவு மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பணம் எங்கிருந்து வரும்?

உள்ளாட்சியின் பொது நிதி, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, நாடாளுமன்ற உறுப்பினர் நிதி, நகரங்களில் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம். ஊர் கமிட்டி கையில் கொஞ்சம் பணம் இருந்தால் நமக்கு நாமே திட்டம் நல்லது: மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் உதவத் தயாராக இருக்கும் குமரிக்கு இது பொருத்தமானது. ஊராட்சிகளுக்கு 2024 முதல் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுக்கப்பட்டது. உங்கள் ஊராட்சிக்கு வந்த தொகுப்பு அலமாரியில் பூட்டிக் கிடந்தால் இருப்புப் பதிவேட்டைக் காட்டச் சொல்லி, விளையாட்டு மன்றத்துக்கு வழங்கக் கேளுங்கள். பிள்ளைகள் கைக்கு வராத பந்தால் யாருக்கும் பயனில்லை.

மழைக்காலத்தில் பூங்கா விளக்குக் கம்பத்தைத் தொட்டால் ‘ஷாக்’ அடிக்கிறது.

உடனே மின்வாரியத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லி இணைப்பைத் துண்டிக்கச் செய்யுங்கள், பிறகு மனு. ஒவ்வொரு கம்பத்துக்கும் எர்த் கம்பி, பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் கசிவு துண்டிப்பான், தரையிலிருந்து குறைந்தது 60 செ.மீ. உயரத்தில் மூடியுள்ள இணைப்புப் பெட்டி. இந்த மூன்றும் இல்லாமல் மீண்டும் இணைப்புக் கொடுக்க விடாதீர்கள்.

பூங்காவில் சாய்ந்து நிற்கும் மரத்தை வெட்டலாமா?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் விழுந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த அச்சம் இயல்பு. ஆனால் அரசு இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். பாரம் மிகுந்த கிளையை மட்டும் மழைக்கு முன் கழிப்பது பல நேரம் போதும். மரத்தடியை ஒட்டிச் சிமெண்ட் போடுவதைத் தடுங்கள். வேர் பரவ வழியில்லாத மரம் காற்றில் சாயும்.

சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு?

சாய்தளம் 12-க்கு 1 சரிவு, வாசல் குறைந்தது 90 செ.மீ. மாடு நுழையாமல் இருக்க வைக்கும் வளைவுக் கம்பி சக்கர நாற்காலியையும் தடுக்கும். பக்கத்தில் தனிக் கதவு கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை உரிமையாகவே தருகிறது.

மனு கொடுத்தோம், பதில் இல்லை. அடுத்து?

மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் மறுபடி கொடுங்கள். பிறகு 1100 எண்ணில் முதல்வரின் முகவரி, அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். முறைகேடு என்றால் உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்கும் எழுதலாம்.

அதோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ‘பூங்கா ஏன் பாழாகக் கிடக்கிறது?’ என்று கேட்டால் ‘இது தகவல் வரையறைக்குள் வராது’ என்று திருப்பிவிடுவார்கள். ஆவணம் கேளுங்கள்: இந்தப் பூங்காவுக்கான மன்றத் தீர்மான நகல், மதிப்பீட்டு நகல், அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், பிணைத்தொகை விடுவித்த தேதி, கடந்த மூன்று நிதியாண்டில் பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகையும் செலவழித்த தொகையும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் கேட்பார்கள். பணம் கட்டுமாறு கடிதம் வந்த நாளுக்கும் நீங்கள் கட்டும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் 30 நாள் கணக்கில் சேராது. ஆகவே கடிதம் கிடைத்த அன்றே கட்டிவிடுங்கள்.